ஸ்பெஷல் கிதாரும் சோற்றுக் கரண்டியும்

ஜப்பானின் தெற்குத் தீவொன்றில், அமெரிக்க ராணுவத் தளத்தை ஒட்டி இருக்கும் கோசா நகரத்து மதுக்கடைகளில் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. வாசிப்பு நிற்கக் கூடாது. நன்றாக வாசி என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள், நிறுத்தாதே, அவ்வளவுதான். ஒரு மேசையில் பேசுவது அடுத்த மேசைக்காரன் காதில் விழாத வரைக்கும் அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கமான பிள்ளைகள். விழுந்துவிட்டால் தொலைந்தது. இரண்டு நாளில் வியட்நாமுக்கு விமானம் ஏறப்போகிறவனுக்கு இன்றைக்கு யார் மண்டையை உடைத்தால் என்ன, யார் கையால் உடைபட்டால்தான் என்ன? அதனால் ஒருவன் கழிப்பறைக்குப் போனால் மற்ற இருவர் வாசிப்பார்கள். டிரம்ஸ்காரர் இடது கையால் சோற்று உருண்டையைத் தின்றுகொண்டே வலது கையால் தாளம் தட்டுவார். வெளியே புயல் அடித்தாலும் உள்ளே சத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தை மீறியவன் கியான் மோரிஹிதே. வேண்டுமென்று மீறவில்லை, பாவம். ஒரு வருஷம் ஜூன் மாத மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், கிபோ அம்மா என்கிற முதலாளியின் மதுக்கடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது கிதாரில் ஒரு கம்பி அறுந்தது. டிரம்ஸ் வாசிக்கும் தொகாஷிகி அண்ணன் அந்த நேரம் பார்த்துக் கழிப்பறையில் இருந்தார். மீதி ஐந்து கம்பியை வைத்துக்கொண்டு ஒப்பேற்றியிருக்கலாம். இவனுக்குக் கை ஓடவில்லை. புதுக் கம்பி மாட்டலாம் என்று வாசிப்பை நிறுத்தினான். பாஸ் கிதார்காரன் இவன் முகத்தைப் பார்த்தே வாசிக்கிறவன். இவன் நின்றதும் அவனும் நின்றான். ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் இருக்கும். அதற்குள் இரண்டு மேசைகள் புரண்டன, ஒரு பாட்டில் பறந்து வந்து, கவுன்டருக்குப் பின்னால் நின்ற ஃபுமியின் நெற்றியைப் பிளந்தது. ஃபுமி தொகாஷிகி அண்ணனின் கூடப்பிறந்த தங்கை.

மோரிஹிதேயின் கிதாரை யாரோ ஒருவன் இன்னொருவன் முதுகில் அடித்து உடைத்தான். ராணுவப் போலீஸ் வந்தது. சிப்பாய்கள் வரலாம் என்று அனுமதி கொடுத்து மாட்டியிருந்த பலகையைக் கழற்றப் பார்த்தார்கள். கிபோ அம்மா கையைக் காலைப் பிடித்துப் பலகையைக் காப்பாற்றிக்கொண்டாள். இன்னொரு தடவை நடந்தால் பலகை போய்விடும், பலகை போனால் கடை போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஃபுமி தையல் போட்ட நெற்றியோடு யோமிதானில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். கவுன்டருக்குப் பின்னால் அவள் நின்ற இடத்துக்கு ஆள் வேண்டுமே? மோரிஹிதேயின் மனைவி ஹட்சு வந்தாள். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம்.

அவன் சொல்லிப் பார்க்காமல் இல்லை.

"நீ அங்க வர வேணாம். வீட்டுல இரு."

"வீட்டுல இருந்து என்ன பண்ணச் சொல்றீங்க? உங்க கிதார் கம்பிய வேக வெச்சுட்டு உக்காந்திருக்கவா?"

"உன் வயித்தப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அது என்னைவிடத் தைரியமா இருக்கு. நீங்க நிறுத்தாம வாசிங்க, எனக்கு ஒண்ணும் ஆகாது."

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவன் வாசிக்கும்போது கம்பியைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கவுன்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பியை வேக வைப்பது என்று அவள் சொன்னது கேலி இல்லை. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு அதிகம். வியர்வையும் சேர்ந்தால் நல்ல கம்பிகூட ஒரு வாரத்தில் செத்துப்போகும். புதுக் கம்பி ஜப்பான் பெருந்தீவிலிருந்து கப்பலில் வர வேண்டும். வருகிறவரை, பழையதைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்துத் துடைத்து மாட்டினால் நாலு நாள் கணீரென்று பேசும். ஒவ்வொரு தடவை கொதிக்கும்போதும் கம்பி கொஞ்சம் இளைக்கும், அதுதான் சங்கடம். கோசாவில் வாசிக்கிற எல்லாருடைய கம்பியும் என்றைக்காவது அறுந்தே தீரும். அறுந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

இரவல் கிதாரில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவனுக்கு ஆகஸ்ட் மாதம் கிபோ அம்மா புதுக் கிதார் வாங்கித் தருவதாகச் சொன்னாள். காசு கடையுடையது, தேர்ந்தெடுப்பது உங்கள் பாடு என்றாள். தொகாஷிகி அண்ணனும் மோரிஹிதேயும் கோயா நாற்சந்தியில் இருந்த அரகாகியின் வாத்தியக் கடைக்குப் போனார்கள். சுவரில் அண்ணன் தம்பி மாதிரி இரண்டு கிதார்கள் தொங்கின. ஒரே தொழிற்சாலை, ஒரே மரம், ஒரே சிவப்பு. ஒன்று சாதா. அதில் கம்பிகள் வந்து முடிகிற இரும்புப் பட்டையை உடம்போடு சேர்த்து முறுக்கி வைத்திருந்தார்கள், ஆடாது, அசையாது. மற்றது ஸ்பெஷல். முகத்தில் முத்துச்சிப்பிப் பளபளப்பு. அந்த இரும்புப் பட்டை அதில் மிதந்துகொண்டிருந்தது. பின்பக்கம் ஐந்து சுருள் வில்கள் இழுத்துப் பிடித்திருந்தன. பட்டையிலிருந்து ஒரு எஃகுக் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அதை அமுக்கினால் சுரம் முழுவதும் அலைபோலத் தாழ்ந்து எழும்.

மோரிஹிதே ஸ்பெஷலை மடியில் வைத்து ஒரு சுரத்தைத் தட்டிக் கைப்பிடியை அமுக்கினான்.  பதினாறு வயதிலிருந்து வாசிக்கிறான், தன் கையிலிருந்து இப்படி ஒரு சத்தம் வரும் என்று நினைத்ததில்லை. அவனுக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல், குழந்தைக்கு மிட்டாய் வேண்டுமென்பதுபோல வேண்டும். அடுத்த நிமிஷமே திருப்பிப் பார்த்தான், வில்களைப் பார்த்தான், மடியிலிருந்து இறக்கி வைத்தான்.

"அண்ணே, இது வேணாம்."

"ஏன்டா?"

"ஒரு கம்பி அறுந்தா வில்லு மொத்தத்தையும் இழுத்துக்கும். மீதி அஞ்சும் சுருதி விட்டுப் போயிடும். சாதால அப்படி இல்ல. ஒண்ணு போனா ஒண்ணுதான் போகும்."

"கம்பி அறுந்தாங்கிற. ஏன்டா அறுக்கிற? நல்ல கம்பியாப் போடு."

"நல்ல கம்பிக்கு எங்க போறது?"

தொகாஷிகி அண்ணன் சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எதிர்க்கடைக்காரன் இதே மாதிரி கைப்பிடிக் கிதார் வைத்துக்கொண்டு சிப்பாய்களை அள்ளிக்கொண்டிருந்தான், அது அவரைத் தூங்கவிடவில்லை.

"இங்க பாரு மோரி. கிபோ அம்மா வாசல்ல விளம்பரம் எழுதிப் போட்டாச்சு. புதுச் சத்தம் வருதுன்னு. சாதாவத் தூக்கிட்டுப் போய் நின்னா என் மூஞ்சியில காறித் துப்புவா. உனக்குப் பயமா இருந்தா சொல்லு. தெருயா பேட்டைப் பக்கம் ஒருத்தன் இருக்கான், இத வெச்சுப் பிரமாதமா ஆட்டுறான். கூப்பிட்டா நாளைக்கே வருவான்."

"ஃபுமிக்கு நடந்தது உங்களுக்கு மறந்து போச்சாண்ணே?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது. தொகாஷிகி அண்ணனின் முகம் கறுத்துப்போனது. கடைக்காரர் அரகாகி, எதுவும் கேட்காதவர்போலத் திரும்பி ஒரு மத்தளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் தங்கச்சியப் பத்தி நீ பேசாத. நிறுத்தினது நீ. ஸ்பெஷல எடு, இல்ல விலகு."

விலகினால் கரும்புக் கொல்லை, அல்லது ராணுவத் தளத்தில் சாக்கு தூக்கும் வேலை. அதையெல்லாம்கூடச் செய்துவிடலாம். இன்னொருத்தன் வந்து வாசிப்பான், கவுன்டரில் ஹட்சு நிற்பாள், அந்த இன்னொருத்தனின் கம்பி அறுந்துபோகிற நேரத்தில் தான் எங்கேயோ சாக்கு தூக்கிக்கொண்டிருப்போம் என்று நினைத்துப் பார்த்தான். அதுதான் அவனால் முடியவில்லை. ஸ்பெஷலை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் பாகற்காய் வதக்கிய வாசனையோடு ஹட்சுவின் குரலும் வந்தது.

"சோத்துக் கரண்டி எங்க?"

கத்தி மரத்தைச் சீவுகிற சத்தம்தான் வந்தது.

"கேக்கிறேன்ல. கரண்டிய என்ன பண்ணுனீங்க? இதோ தலை மட்டும் கெடக்கு. காம்பு எங்க போச்சு?"

மோரிஹிதே கிதாரைக் குப்புறக் கவிழ்த்து, பின்மூடியைக் கழற்றி, கையில் கத்தியோடு உட்கார்ந்திருந்தான். கரண்டியின் மரக்காம்பு இரண்டு துண்டாகி அவன் முழங்காலருகே கிடந்தது. பட்டைக்கு அடியில், வில்கள் இழுக்கிற இரும்புக் கட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டும் அந்தப் பக்கம் ஒரு துண்டும் சீவிச் சீவி இறுக்கினான். பிறகு கைப்பிடியை அமுக்கிப் பார்த்தான். அசையவில்லை. உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கினான். மலை மாதிரி நின்றது.

ஹட்சு சமையல் கையோடு வந்து பார்த்தாள்.

"ஸ்பெஷல சாதா ஆக்கிட்டீங்க."

"ஆமா."

"அதுக்கு சாதாவையே வாங்கியிருக்கலாமே."

"வாங்க விடல."

 எதற்காக என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "தொகாஷிகி அண்ணனுக்குத் தெரிஞ்சா உங்க தோலை உரிச்சு டிரம்முக்குப் போட்டுடுவாரு," என்றாள். அன்றைக்குச் சோற்றைக் கிண்ணத்தால் அள்ளிப் பரிமாறினாள்.

ஒத்திகையில் அண்ணன் கேட்கத்தான் செய்தார். "ஏன்டா கைப்பிடிய அமுக்கவே மாட்டேங்குற?"

"சம்பள நாளுக்கு வெச்சிருக்கேண்ணே."

"பெரிய இவன்," என்றார் அவர், ஆனால் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

சிப்பாய்களின் சம்பள நாள் வந்தது. வெயில் இறங்குவதற்குள்ளேயே கடை நிறைந்துவிட்டது. மறுநாள் காலையில் ஒரு கூட்டம் விமானம் ஏறுகிறது என்று தெரு முழுக்கத் தெரியும். யார் யார் என்பதும் பார்த்தாலே தெரியும். அவர்கள் வேகமாகக் குடிப்பார்கள், மீதிச் சில்லறையை எண்ணி வாங்க மாட்டார்கள். வியர்வையும் பீரும் சிகரெட்டும் கலந்து மூச்சு முட்டியது. மோரிஹிதே புதுக் கம்பி போடவில்லை, இருந்தால்தானே போடுவதற்கு? மூன்று தடவை கொதித்த கம்பி. ஒவ்வொரு பாட்டு முடிவிலும் நிறுத்தாமல் அடுத்ததற்குத் தாவினார்கள். கவுன்டருக்குப் பின்னால் ஹட்சு குனிந்து குனிந்து கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரும்போதெல்லாம் இவனைப் பார்த்து, சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் ஒரு சார்ஜென்ட் எழுந்தார். எருது மாதிரி கழுத்து, நாற்பது வயது இருக்கும், வியட்நாமுக்கு முதல் தடவை போகிறவர் இல்லை. நேராகக் கவுன்டருக்கு வந்து, ஹட்சுவுக்கு ஒரு முழம் முன்னால், அவளுக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்து நின்றார். காலிப் பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தொங்கவிட்டிருந்தார். இன்னொரு கையை நீட்டி மோரிஹிதேயின் கிதாரைக் காட்டினார். கைப்பிடியைக் காட்டினார். கட்டைவிரலைக் கீழே அழுத்தி, அதை ஆட்டு என்று சைகை செய்தார்.

மோரிஹிதே பார்க்காததுபோல வாசித்தான்.

சார்ஜென்ட் பாட்டிலால் கவுன்டரை ஒரு தட்டுத் தட்டினார். மூன்று மேசைகள் திரும்பின. "வாசல்ல எழுதிப் போட்டிருக்கீங்கள்ல," என்றார் அரைகுறை ஜப்பானியத்தில். "மெதுவான பாட்டு. அத ஆட்டு."

"அமுக்குடா," என்றார் தொகாஷிகி அண்ணன் பின்னாலிருந்து. தாளத்தைத் தாழ்த்தி மெதுவான பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மோரிஹிதே கைப்பிடியில் கை வைத்தான், வேறு வழியில்லாமல். அது அசையவில்லை. அசையாது என்று அவனுக்குத்தான் தெரியுமே. மெதுவான பாட்டு என்றால் சத்தம் குறைவு. சத்தம் குறைந்ததும் மேசைகளின் பேச்சு மேலே வந்தது. ஒருவன் எதையோ சொன்னான், அடுத்த மேசையில் ஒருவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். பாட்டில் மறுபடியும் கவுன்டரைத் தட்டியது, இந்தத் தடவை பலமாக. ஹட்சு பின்னால் நகரப் பார்த்தாள், பின்னால் அலமாரிதான் இருந்தது.

காம்பைப் பிடுங்கிவிடலாமா? பின்மூடியைப் போடாமல்தான் வைத்திருந்தான், இரண்டு விரலை விட்டால் வந்துவிடும். பிடுங்கினால் ஆடும். ஆட்டினால் மூன்று கொதி கொதித்த கம்பி அறுந்துவிடும். அறுந்தால் ஆறும் போகும். பிடுங்காவிட்டால் பாட்டில் வரும். 

அவன் கைப்பிடியை விட்டான். கிதாரின் உடம்பை இடுப்போடு சேர்த்து வலது முழங்கையால் அழுத்திக்கொண்டு, இடது உள்ளங்கையைக் கழுத்தின் அடியில் கொடுத்து, சுரத்தைத் தட்டி, கிதாரின் கழுத்தையே முன்னால் தள்ளினான். சுரம் தாழ்ந்தது. பின்னால் இழுத்தான், எழுந்தது. மரம் அவன் மணிக்கட்டுக்குள் முனகியது. மறுபடி தள்ளினான். கைப்பிடியின் அலை மாதிரி வழவழப்பாக வரவில்லை. தடுமாறி, கரகரத்து, அழுது ஓய்ந்தவன் பேச ஆரம்பிப்பதுபோல வந்தது. நாற்காலியைத் தள்ளினவன் எழாமல் உட்கார்ந்துவிட்டான். சார்ஜென்ட் தலையைக் குனிந்துகொண்டார். எதற்காக அந்தச் சத்தம் அவருக்கு வேண்டியிருந்தது என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, பிறகும் யாருக்கும் தெரியாது.

பாட்டின் பாதியில் கம்பி அறுந்தது. சுளீரென்று கன்னத்தில் அடித்தது. பாஸ்காரன் சட்டென்று மோரிஹிதேயின் முகத்தைப் பார்த்தான், மழைக்காலத்தில் பார்த்த அதே பார்வை. அவன் விரல் கம்பியை விட்டு எழுந்ததை மோரிஹிதே கண்டான்.

"வாசி," என்றான் மோரிஹிதே. "வாசி, வாசி, இருக்கு."

இருந்தது. மீதி ஐந்தும் இம்மி பிசகாமல் வைத்த இடத்தில் இருந்தன. அறுந்த கம்பியின் சுரங்களை அடுத்த கம்பியில் தேடித் தேடிப் பிடித்தான். கன்னத்திலிருந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. கழுத்தைத் தள்ளுவதையும் நிறுத்தவில்லை. தொகாஷிகி அண்ணன் தாளத்தை விடவில்லை. கவுன்டரில் ஹட்சு, காலிப் பாட்டில்களை எடுக்கிற வழக்கம்போல, சார்ஜென்டின் கையிலிருந்து அந்தப் பாட்டிலை உருவிக் கீழே வைத்தாள். அவர் கொடுத்துவிட்டார். கொடுத்ததுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் பகலில் கடை காலியாக இருந்தது. மோரிஹிதே கன்னத்தில் பிளாஸ்திரியோடு ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஹட்சு கவுன்டருக்குப் பின்னால் தரை துடைத்தாள். தொகாஷிகி அண்ணன் நல்ல குஷியில் வந்தார்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல ஸ்பெஷல் ஸ்பெஷல்தான்னு. அந்த எருமைக் கழுத்துக் குடிகாரன் அழுதுட்டான்டா. இங்க குடு, நானும் ஒரு தடவை அமுக்கிப் பாக்கிறேன்."

மோரிஹிதே எழுவதற்குள் அவர் கிதாரை எடுத்துவிட்டார். கைப்பிடியை அமுக்கினார். இன்னும் பலமாக அமுக்கினார். பிறகு திருப்பிப் பார்த்தார். வில்களுக்கு நடுவில் இரண்டு மரத்துண்டுகள் இருந்தன, ஒன்றில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

"என்னடா இது?"

ஹட்சு தரை துடைப்பதை நிறுத்தினாள்.

"என் கரண்டிக் காம்புண்ணே," என்றாள் ஹட்சு, துடைப்பத்தைப் பிடித்தபடி.

"எப்பலேருந்து?"

"வாங்கின மறுநாள்லேருந்து," என்றான் மோரிஹிதே.

"அப்ப நேத்து எதடா ஆட்டின?"

"கழுத்த."

தொகாஷிகி அண்ணன் கிதாரைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில், சிவப்பு வண்ணத்தில், தலைமுடி அகலத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதை நகத்தால் தடவினார்.

"என்னை முட்டாளாக்கிட்ட."

"ஆமாண்ணே. ஆக்கிட்டேன். என்ன பண்ணச் சொல்றீங்க? ஃபுமி நின்ன இடத்துல இப்ப இவ நிக்கிறா. நான் ஒரு தடவை நிறுத்தினவன். என் கம்பி அறுந்துடும், எனக்குத் தெரியும். ஆளை மாத்துறதுன்னா மாத்திக்குங்க. அவனுக்கும் இந்தக் காம்ப எடுக்காதன்னு மட்டும் சொல்லிடுங்க."

அவர் திரும்பி ஹட்சுவைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார், அவள் நின்ற இடத்தையும் சேர்த்து. தெருவில் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் தளத்தின் பக்கம் போகிற சத்தம் கேட்டது.  பிறகு கட்டைவிரலால் மரத்துண்டுகள் இரண்டையும் இன்னும் உள்ளே தள்ளி இறுக்கினார். மூடியை எடுத்துவரச் சொல்லி, தன் கையாலேயே திருகு போட்டு மூடினார். கிதாரை நிமிர்த்தி, அந்த எஃகுக் கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று திருகித் திருகிக் கழற்றினார்.

"அம்மா கேட்டா?" என்றான் மோரிஹிதே.

"நேத்துக் கூட்டத்துல எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்றேன். அந்தக் கூட்டம்தான் பிளேன் ஏறியாச்சே, யாரப் போய்க் கேப்பா?"

கைப்பிடியைச் சட்டையில் துடைத்தார். கவுன்டருக்குப் போய் ஹட்சுவின் முன்னால் வைத்தார்.

"இந்தா. கரண்டிக்குக் காம்பு இல்லையாமே."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை, அழுதாள். அந்தக் குளிர்காலத்தில் கியான் வீட்டில் ஒரு பெண் பிறந்தது. அந்தக் குழந்தை தின்ற முதல் சோறு அந்த எஃகுக் காம்பு போட்ட கரண்டியால் அள்ளியது.